மூன்றாம் நாள் நீட்டிய கை

போன மாதம் பெங்களூரில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பழைய நர்ஸ் என்று முன்வரிசையில் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டு, அங்கே வரும் தடிப்பை அளக்கிற மாண்டூ டெஸ்ட் பற்றிப் பேச்சு. இப்போதெல்லாம் ரத்தத்தைக் குழாயில் எடுத்து அதே சங்கதியைக் கண்டுபிடித்துவிடலாமாம், ஊசி போட்ட ஆள் திரும்பி வரவே வேண்டாமாம். நல்லதுதான். அதைச் சொன்ன இளம் டாக்டர், வகுப்பு தூங்கிவிடக் கூடாதே என்று ஒரு கதையும் சொன்னார். "தங்கவயல்ல ஒரு ஆளு, தனக்குப் போட்ட ஊசிக்குத் தம்பி கையைக் காட்டி ஆஸ்பத்திரியையே ஏமாத்தியிருக்கான். இப்ப அந்தப் பித்தலாட்டம் நடக்காது." கூடமே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளை எனக்குத் தெரியும். அந்தத் தம்பியையும் தெரியும். அந்தக் கையில் ஸ்கேல் வைத்து அளந்தவளே நான்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று எழுந்து சொல்ல வாயெடுப்பதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது, டீயும் வந்துவிட்டது. உங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. இதோ எழுதுகிறேன். இனிமையான நினைவுகளை எதிர்பார்த்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டாம், பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள்.

நான் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் லைனில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தார். வேலூரில் நர்ஸிங் படித்தேன், கல்யாணம், இரண்டு பெண்கள், நாலு ஆஸ்பத்திரி. அதையெல்லாம் விரித்தால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய சிறிய மார்பு நோய் கிளினிக்கில் சேர்ந்தேன். இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு ஃபிரிட்ஜ். அதில் சேர்ந்ததும் மாண்டூ டெஸ்டுக்காக என்னைப் பெங்களூருக்குப் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அங்கே பாடம் எடுத்தது ஒரு கன்னடத்து டாக்டரம்மா. நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கிருமி உள்ளே வந்தால் முதலில் பெரிய செல் ஒன்று அதை விழுங்குகிறது, துண்டு துண்டாக நறுக்குகிறது. பிறகு ஒரு துண்டை எடுத்துத் தன் மேற்பரப்பில் ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டுகிறது. டி செல் என்று ஒரு வகைக் காவல் செல் இருக்கிறதே, அது வந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்க்கும். ஆனால் துண்டை மட்டும் தனியாகக் கொண்டுபோய் அதன் முன்னால் போட்டால் கண்டுகொள்ளாது. துண்டும் வேண்டும், அதை ஏந்துகிற தட்டும் அதே உடம்பின் தட்டாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தொட்டால்தான் அதற்கு அடையாளம் தெரியும். ஒருமுறை தெரிந்துகொண்ட டி செல் மறக்காது. கிருமியின் சத்தை நாம் தோலுக்குள் கொஞ்சம் செலுத்தினால், ஏற்கனவே அந்தக் கிருமியைச் சந்தித்த டி செல்கள் இரண்டு மூன்று நாளில் அங்கே வந்து கூடும், மற்ற செல்களையும் கூப்பிடும். அந்தக் கூட்டம்தான் தடிப்பு.

ஊசி போடுவது ஒரு கைப்பழக்கம். இடது முன்கையின் உள்பக்கம். மருந்தைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், வெளிச்சம் படக் கூடாது, சிரிஞ்சில் ஏற்றிவிட்டு அரட்டை அடிக்கக் கூடாது, ஏனென்றால் மருந்து சிரிஞ்சின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஊசியின் வாய் மேலே பார்த்திருக்க, தோலின் மேலடுக்கில் மட்டும் நுழைத்துத் தள்ளினால், எலுமிச்சைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வெளுத்து ஒரு சின்னக் கொப்புளம் எழும். எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, வேறு இடத்தில் மறுபடி போடு. மூன்றாம் நாள் அளக்க வேண்டும். சிவப்பு கணக்கில்லை, கெட்டிதான் கணக்கு. பால்பாயிண்ட் பேனாவை ஒரு பக்கத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தால் தடிப்பின் ஓரத்தில் இடித்து நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவே கையின் குறுக்கே ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் எழுது. கெட்டியே இல்லை என்றால் சைபர்.

கிளினிக்கின் டாக்டர் சேஷகிரி. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவர் யாரையும் பார்க்கவே மாட்டார், அவ்வளவுதான். உள் அறையில் உட்கார்ந்திருப்பார். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். எக்ஸ்ரே, கபம், எடை, மாண்டூ எல்லாம் சீட்டில் ஏறி, சீட்டு அந்த ஜன்னல் வழியாக உள்ளே போகும். மருந்து எழுதிய சீட்டு வெளியே வரும். வெள்ளை மேஜைவிரிப்பு, அதன் மேல் இரண்டு பேனா, இரண்டும் மேஜை விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். யாராவது நோயாளி ஜன்னலில் முகத்தைக் காட்டி, "சார், இந்தப் பக்கம் குத்துது சார்" என்றால், "சிஸ்டர், சீட்டுல எழுதுங்க" என்பார். தலை நிமிராது. பதினோரு மணிக்குள் வரிசை முடிய வேண்டும் என்பது அவர் சட்டம். அளக்கிற இடத்தில் பேச்சு கூடாது என்பதும் அவர் சட்டம்.

அந்தச் சீட்டைப் பற்றி லைன் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லைனில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க முடியாது, ஆளாளுக்கு ஒரு ஷிப்டு. அதனால் அன்றைக்கு யாருக்கு ஷிப்டு இல்லையோ அவர் ஐந்து வீட்டுச் சீட்டையும் வாங்கிக்கொண்டு வந்து இருமல் மருந்தும் மாத்திரையும் வாங்கிப் போவார். நாங்களும் கொடுத்தோம். பல வருஷம் கொடுத்தோம். சீட்டு வந்தால் போதும், ஆள் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பித்தலாட்டம் என்று பெங்களூரில் அந்த இளம் டாக்டர் சொன்னது இதைத்தான்.

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்து லைனில் ஏகாம்பரம் என்று ஒருவர். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். இருமல், மூச்சிரைப்பு, எடை குறைந்துகொண்டே வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது, ஆனால் கல்தூசு குடித்த நுரையீரல் எல்லாமே அப்படித்தான் தெரியும். கபத்தை இரண்டு தடவை பார்த்தோம், கிருமி சிக்கவில்லை. தூசு மட்டும்தானா, தூசோடு காசநோயும் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தூசு மட்டும் என்றால் மூச்சுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கலாம் என்பது டாக்டரின் முடிவு. காசநோய் இருந்து, அதற்கு மருந்து கொடுக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால், டி செல்கள் அடங்கிப்போய் நோய் கட்டவிழ்ந்து பரவும், ஆள் செத்துப்போவார். ஆகையால் மாண்டூ போடச் சொன்னார். தடிப்பு பத்துக்கு மேல் வந்தால் ஸ்டீராய்டு இல்லை, கபத்தை மறுபடி பார்ப்பது என்று முடிவு.

ஏகாம்பரத்துக்கு ஊசி போட்டேன். கொப்புளம் அழகாக எழுந்தது. எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே அவருக்கும் சொன்னேன்: "மூணாம் நாள் காலையில சீட்டோட வரணும்." கையைப் பார்ப்போம், நீங்களே வர வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நாற்பது பேர் வரிசை. ஏகாம்பரம் பெயர் போட்ட சீட்டு வந்தது. கை நீட்டு என்றேன், ஒரு கை நீண்டது. விரலால் தடவினேன், கெட்டி இல்லை. பேனாவை இழுத்தேன், எங்கேயும் நிற்கவில்லை. ஊசித் தடம் தெரிகிறதா என்று பார்த்தேனா என்றால், அந்தக் கைகளில் கல் கீறாத இடம் ஏது? சைபர் எழுதினேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கியது. முதல் பத்து நாள் ஏகாம்பரத்துக்கு நல்ல பசி, மூச்சும் கொஞ்சம் லேசாயிற்று. அந்த மாத்திரையின் குணமே அது. சீட்டைப் பார்த்து டாக்டருக்குத் திருப்தி. மூன்றாவது வாரம் ஜுரம் வந்தது. ஐந்தாவது வாரம் அவர் சம்சாரம் அம்சா அவரைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மறுபடி மாண்டூ போடச் சொல்லி ஜன்னலிலிருந்து சீட்டு வந்தது. போட்டேன். மூன்றாம் நாள் அவரே வந்தார், அம்சாவும் வந்தாள். அளந்தேன். சைபர்.

சீட்டை உள்ளே கொடுக்கப் போனபோது அம்சா கேட்டாள். "போன வாட்டி கை இம்மாம் பெருசா வீங்கிச்சே சிஸ்டர், சட்டைக் கைய மடிக்க முடியாம கஷ்டப்பட்டாரு. இந்த வாட்டி ஒண்ணுமே காணமே, இன்னா அது?"

"போன தடவை வீங்கிச்சா? நான்தானே பார்த்தேன்?"

"நீங்க எங்க பாத்தீங்க? இவருக்கு அன்னிக்கு ஷிப்டு. எங்க கொழுந்தன் கோதண்டந்தான் சீட்ட எடுத்துகினு வந்துச்சு. நீங்க எழுதி சீல் போட்டுக் குடுத்தீங்களே."

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் லைனுக்குப் போய்க் கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். உனக்கு ஊசியே போடவில்லையே, கையை ஏனப்பா நீட்டினாய் என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "நீங்கதான சிஸ்டர் நீட்டச் சொன்னீங்க. மருந்துச் சீட்டு மாதிரி சீல் அடிச்சிக் குடுப்பாங்க, வாங்கினு வந்துடுன்னு அண்ணன் சொல்லிச்சு. நீங்க கைய அமுக்கிப் பாக்கங்காட்டியும், நாடி பாக்குறீங்கன்னு நெனச்சிகினேன். எனக்கு இல்ல, அண்ணனுக்குன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பேசாத, நவுருன்னீங்க."

சொல்லியிருப்பேன். அன்றைக்கு நாற்பது பேருக்கும் அதைத்தான் சொன்னேன். உடம்புக்குள் கண்ணும் காதும் இல்லாத ஒரு செல், என்ன துண்டு, எந்த உடம்பின் தட்டு என்று இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறது. பாடம் படித்து, சர்டிபிகேட் வாங்கி, வெள்ளைச் சேலை கட்டிய நான் கை ஒன்றைத்தான் பார்த்தேன், யார் கை என்று பார்க்கவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முதல் சைபர் வேறொருவர் கை. இரண்டாவது சைபர் ஏகாம்பரத்தின் கைதான், ஆனால் அது நோய் இல்லை என்று சொல்கிற சைபர் அல்ல. ஐந்து வாரத்துக்கு முன் வீங்கிய கை இப்போது வீங்கவில்லை என்றால், டி செல்கள் மறந்துவிட்டன என்று அர்த்தமா? மாத்திரையும் முற்றிய நோயும் சேர்ந்து அவற்றை அடக்கிவிட்டன. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. இதை ஒரு நர்ஸ் சொல்லியா டாக்டருக்குத் தெரிய வேண்டும்?

மறுநாள் காலை ஜன்னலில் நிற்காமல் கதவைத் திறந்து உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிஸ்டர், ரெண்டு தடவை சைபர். போதாதா?" என்றார். தலை நிமிரவில்லை.

"முதல் தடவை நான் அளந்தது தம்பி கை சார்."

"ரெஜிஸ்டர்ல யார் பேர் இருக்கு?"

"ஏகாம்பரம்."

"அப்ப அது ஏகாம்பரம் கை. உங்க வேலை ஸ்கேல் பிடிக்கிறது. அதை மட்டும் பாருங்க."

அடுத்த வாரம் டிரஸ்ட்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. ரெஜிஸ்டரில் அடித்துத் திருத்தினால் அசிங்கம். ஒரு மனிதனின் உயிருக்கு எதிரில் இந்த மேஜைவிரிப்பு வெள்ளையாக இருப்பது பெரிதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வெளியே வந்து ஒரு காகிதத்தில் நடந்ததை எல்லாம் எழுதி மடித்து அம்சாவிடம் கொடுத்து, நாளை காலையே பங்காருபேட்டையில் ரயிலேறிப் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, இதை அங்கே டாக்டரிடம் காட்டு என்றேன். இங்கிலீஷில் எழுதியிருந்ததால் அவளுக்கு அது என்னவென்று தெரியாது. நானும் சொல்லவில்லை. முதலில் ஆள் பிழைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அங்கே கபத்தை மூன்று நாள் காலையில் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இருந்தது, ஏராளமாக இருந்தது. அங்கிருந்த டாக்டர், "யாக்கம்மா இஷ்டு லேட்டு?" என்று கன்னடத்தில், ஏனம்மா இவ்வளவு தாமதம் என்று, அம்சாவைத் திட்டினாராம். அவளை. மருந்து தொடங்கினார்கள். ஆனால் நோய் அதற்குள் மூளை உறை வரைக்கும் போய்விட்டது. இருபது நாள்கூடத் தாங்கவில்லை. ஏகாம்பரம் அங்கேயே போய்விட்டார்.

பெங்களூரிலிருந்து டிரஸ்டுக்குக் கடிதம் வந்தது, ஏன் இந்த ஆளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தீர்கள் என்று. அதன் பிறகுதான் டாக்டர் சேஷகிரி தலை நிமிர்ந்தார். நான் சொன்ன அதே சங்கதி, அன்றைக்குக் குப்பை, இப்போது அவருக்குக் கவசம். கோதண்டத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபைலை முடிக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். வேண்டுமென்றே அண்ணனைப் போல நடித்து என் கையைக் காட்டினேன், கிளினிக்குக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று அதில் இருந்தது. அண்ணனைப் பறிகொடுத்துப் பதினாறு நாள் ஆகாதவன், "இங்கியா சார்?" என்று கேட்டுத் தமிழில் பெயரை எழுதிக் கொடுத்தான்.

கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. பேனா என் பக்கம் வந்தது. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் படித்துத் தெரிந்த இரண்டே பேரில் நான் ஒருத்தி. கையெழுத்துப் போட்டேன். சின்னவளுக்குப் படிப்பு பாக்கி, எனக்கு ஓய்வுக்குச் சில வருஷம் பாக்கி என்று காரணம் சொல்லலாம். பயம். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

அதோடு விட்டாரா? அம்சா இறப்புச் சான்றுக்குக் காகிதம் கேட்டு வந்தபோது, வராந்தாவில் லைன் ஜனங்கள் நிற்க, அதை அவரே தமிழில் படித்துக் காட்டினார். அத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே அவர் வந்து பேசியது அன்றைக்குத்தான். "உங்க கொழுந்தன் பண்ணின வேலைம்மா" என்றார். லைனில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அன்றையிலிருந்து அவள் கோதண்டத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சீட்டைத்தானே கொண்டுபோகச் சொன்னார், கையை எதற்குக் காட்டினான் என்று கேட்டவர்களிடமெல்லாம் கேட்டாளாம். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் அவள் லைன் வழியாகத்தான் வேலைக்குப் போனேன், வந்தேன்.

சுரங்கத்தை மூடிய வருஷம் டிரஸ்டும் கிளினிக்கை மூடியது. எனக்கும் ஓய்வு. இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான், ஏகாம்பரம் போய் மூன்று வருஷம் கழித்து, எனக்குத் தைரியம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த லைனுக்குப் போனேன். கோதண்டம் அப்போது தினமும் ரயிலில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அன்றைக்கு வீட்டில் இருந்தான். தாடியும் பாதி நரைத்திருந்தது. உன் மேல் தப்பு இல்லை, நீ கையைத்தான் நீட்டினாய், யார் கை என்று கேட்க வேண்டியவள் நான் என்றேன். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றும் சொன்னேன்.

அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். "இத்த அண்ணிகிட்ட சொல்லுவீங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டான்.

பக்கத்து வீட்டில் அம்சா உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், உட்காரப் பலகை போட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சீட்டோடு வா என்று மட்டும் சொன்னது, முகம் பார்க்காதது, பேசாதே என்றது, டாக்டரிடம் போய்ச் சொன்னது, பிறகு சாட்சிக் கையெழுத்துப் போட்டது. அவள் கை நிற்கவில்லை, உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவரு உசுரோட இருக்கங்காட்டியுமே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டருகிட்ட சொன்னீங்க."

"சொன்னேன்."

"எங்கிட்ட?"

அவள் எழுந்து கரி படிந்த கையைக் கழுவினாள். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"கோதண்டம், இவங்கள பஸ் ஏத்தி வுட்டுட்டு வா. வந்து சாப்புடு."

என்னிடம் அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, இன்று வரைக்கும் பேசவில்லை. அது நியாயம். கோதண்டம் சட்டைப் பொத்தானைப் பாதி மாட்டிக்கொண்டே வெளியே வந்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தான். பஸ் வர நேரமாகும், நீ போப்பா, சோறு ஆறிடும் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் திரும்பி ஓடினான்.